விலையைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள்

கோயம்புத்தூரில் என் மாமா ஒருவர் மூன்று வருடங்களுக்கு முன் பழைய ஜெர்மன் கார் ஒன்று வாங்கினார். ஒன்பது வயது வண்டி. புதிதாக இறங்கியபோது அரைக் கோடிக்கு மேல் விற்றது, மாமாவுக்குப் பதினொரு லட்சத்துக்கு அமைந்தது. பன்னிரண்டு வருடமாக அவரிடம் இருக்கும் டிரைவர் அண்ணன் இரண்டாவது வாரமே சொன்னார்: "ஐயா, காலையில கதவைத் தொறந்தா பெட்ரோல் வாடை அடிக்குதுங்க." மாமா சிரித்துவிட்டார். "அம்பாசிடர் ஓட்டின மூக்குப்பா உனக்கு. இந்த வெலை வண்டியில அதெல்லாம் வராது."

அண்ணன் விடவில்லை. ஃபுல் டேங்க் போட்ட மறுநாள்தான் வாடை அதிகம் என்று கவனித்துச் சொன்னார். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கோளாறும் காட்டவில்லை என்று எழுதிக் கொடுத்து, பில்லும் கொடுத்தார்கள். பல்லடம் போகிற வழியில் பேத்தி வாந்தி எடுத்தாள். பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

கடைசியில் அண்ணன் யாரிடமும் கேட்காமல் தனக்குத் தெரிந்த ஒரு ஷெட்டில் வண்டியை விட்டார். மெக்கானிக் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பின் சீட்டைத் தூக்கினார். அடியில் பெட்ரோல் பம்ப்பின் பிளாஸ்டிக் மூடி. அதில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். டேங்க் நிறையும்போதெல்லாம் அந்த விரிசல் வழியாகக் கசிந்து, மூடியைச் சுற்றியிருந்த குழியில் பெட்ரோல் தேங்கி நின்றது. அதற்கு மேலே இருந்த சீட்டில்தான் இரண்டு மாதமாக மாமாவின் பேரப் பிள்ளைகள் உட்கார்ந்து போனார்கள்.

விரிசலை நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை. மனிதன் செய்த எந்தப் பொருளிலும் விரிசல் வரும். நாற்றத்தை நாற்றம் என்று சொன்ன ஒருவரை இரண்டு மாதம் வாயடைக்க வைத்ததே, அந்த நம்பிக்கையைத்தான் குற்றம் சொல்கிறேன். விலை கூடிய கார் என்றால் பழுது வராது, பழுது வந்தாலும் உயிருக்கு ஆபத்து வராது என்ற நம்பிக்கை. வாங்கியவர் அதை நம்புகிறார், விற்றவர் அதை ஊட்டுகிறார், வாங்க முடியாதவர்களும் அண்ணாந்து பார்த்து அதையே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும். கொன்றும் இருக்கிறது.

2009 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் சான் டியேகோ பக்கம் சான்டீ என்ற ஊர். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறையில் 19 வருடம் பணியாற்றிய அதிகாரி ஒருவர் தன் லெக்ஸஸ் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தார். அதற்குப் பதிலாக டீலர் கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350-ல் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். ஆக்ஸிலரேட்டர் கீழே சிக்கிக்கொண்டது. வண்டி மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று உள்ளிருந்து அவசர எண்ணுக்குப் போன் போனது. பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி இன்னொரு காரில் மோதி, சாலையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. நால்வரும் இறந்தார்கள்.

காரணம் ஒரு மிதியடி. வேறொரு லெக்ஸஸ் மாடலுக்கான தடித்த ரப்பர் மிதியடியை இந்த வண்டியில் போட்டிருந்தார்கள். அதன் விளிம்பு ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் கிடைக்காது. இரண்டு மூன்று முறை மிதித்தால் இருப்பும் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். சாவியைத் திருப்பி நிறுத்தலாம் என்றால் சாவி கிடையாது, பட்டன். ஓடுகிற வண்டியில் அந்தப் பட்டனை மூன்று விநாடி விடாமல் அழுத்தினால்தான் எஞ்சின் நிற்கும். இரவல் வண்டியில், மனைவி மகளோடு, அந்த வேகத்தில் போகிறவருக்கு மூன்று விநாடி அழுத்த வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? சொகுசுக்காக வைத்த பட்டன் அன்று கடைசி வழியையும் அடைத்தது.

இதில் என்னைத் தூங்கவிடாத செய்தி வேறு. சில நாட்களுக்கு முன் அதே காரை இரவல் வாங்கிப்போன இன்னொரு வாடிக்கையாளருக்கும் அதே மிதியடியில் ஆக்ஸிலரேட்டர் சிக்கியது. அவர் எப்படியோ சமாளித்து நிறுத்திவிட்டார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பில் இருந்தவரிடம் சொல்லிவிட்டும் போனார். அந்தப் புகார் அந்த மேஜையைத் தாண்டவில்லை. இரண்டு வருடம் முன்பு, 2007-லேயே, இதே இஎஸ் 350-க்கும் கேம்ரிக்கும் போட்ட 55,000 மிதியடிகளை, லெக்ஸஸைத் தயாரிக்கும் டொயோட்டா திரும்பப் பெற்றிருந்தது. அப்போதே தெரிந்த ஆபத்து. கோயம்புத்தூர் வாடையும் சான்டீ மிதியடியும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டிலும் ஆள் சொன்னார், வண்டியின் பெயர் அந்தச் சொல்லைக் கேட்கவிடவில்லை.

பின்னால் டொயோட்டா பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, பெடலைக் குட்டையாக்கியது, பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அடங்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. மின்னணுக் கோளாறு என்ற சந்தேகத்தை நாசாவே ஆராய்ந்து, அப்படி எதுவும் அகப்படவில்லை என்று 2011-ல் சொன்னது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மிதியடி, பெடல் விஷயத்தில் மக்களைத் தவறாக நம்பவைத்ததை ஒப்புக்கொண்டு, 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது அதே நிறுவனம். "ரீகால் பண்ற கம்பெனிதான் சார் நேர்மையான கம்பெனி" என்று என்னிடம் வாதாடுகிற நண்பர்கள் இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ரீகால் நல்லதுதான். அதற்கு முன்னால் எத்தனை நாள் வாய் மூடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தென் கொரியாவில் 2018-ல் கேட்டார்கள். அந்த ஆண்டு அங்கே ஓடிக்கொண்டிருந்த பிஎம்டபிள்யூ கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. பெரும்பாலும் 520டி. டீசல் புகையைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் பகுதியில் குளிர்நீர் கசிந்து, கரியோடு கலந்து, சூட்டில் பற்றிக்கொண்டது. வாகன நிறுத்துமிடங்களில் பிஎம்டபிள்யூவுக்கு இடமில்லை என்று எழுதிப் போட்டார்கள். சோதனை முடியாத வண்டிகளைச் சாலையில் ஓட்டவே கூடாது என்று ஆகஸ்டில் அரசு உத்தரவு போட்டது. பழுது தெரிந்திருந்தும் நிறுவனம் மறைத்தது, திரும்ப அழைக்கத் தாமதித்தது என்று டிசம்பரில் அரசு விசாரணைக் குழு சொல்லிவிட்டது. அபராதம் 1,120 கோடி வான். கவுரவத்துக்காக வாங்கிய வண்டியை அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நிறுத்த அக்கம்பக்கத்தார் விடாத நிலை அங்கே வந்தது.

"அதெல்லாம் மிதியடி, குழாய். எஞ்சினியரிங் என்று வந்தால் ஜெர்மன்காரனை அடிக்க முடியுமா?" என்பார்கள். அந்த எஞ்சினியரிங்கின் உச்சியையே பார்ப்போம். மெர்சிடிஸ் இ-கிளாஸ், 2002-ல் வந்த டபிள்யூ 211. நம் ஊரில் இன்றும் பழைய கார் சந்தையில் மதிப்போடு கைமாறுகிற வண்டி. அதில் சென்சோட்ரானிக் என்ற பிரேக் வைத்தார்கள். நீங்கள் பெடலை மிதித்தால் உங்கள் கால் நேராகப் பிரேக்கைத் தொடாது. மிதித்த வேகத்தைக் கம்ப்யூட்டர் அளந்து, மின் பம்ப் சேர்த்து வைத்த அழுத்தத்தை நான்கு சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும். அந்த அமைப்பு கைவிட்டால், உங்கள் கால் பலம் முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகும். பெடல் ஆழமாக இறங்கும், முழு பலத்தோடு அழுத்த வேண்டும். பம்ப்புக்கு ஆயுள் கணக்கும் உண்டு. எத்தனை தடவை பிரேக் பிடித்தீர்கள் என்று உள்ளே ஒரு எண்ணி எண்ணிக்கொண்டே வரும், எல்லை தொட்டதும் எச்சரிக்கை எரியும். 2004-ல் இந்தப் பிரேக்குக்காக 6,80,000 வண்டிகளை உலகெங்கும் திரும்ப அழைத்தார்கள். அடுத்த ஆண்டு பிரேக்கும் மின்சாரக் கோளாறுகளும் சேர்த்து 13 லட்சம். 2006-ல் இ-கிளாஸில் இருந்து அந்தப் பிரேக்கையே எடுத்துவிட்டுச் சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்குத் திரும்பினார்கள். சின்னக் காரில் முதல் நாளிலிருந்து இருந்த பிரேக் அது.

விலை கூடக்கூட வண்டிக்குள் பாகங்கள் கூடுகின்றன. பம்ப், சென்சார், காற்றுப் பை, வால்வு, ஒயர், மென்பொருள். ஒவ்வொன்றும் ஒரு வசதி, ஒவ்வொன்றும் கெட்டுப்போகக் கூடிய இன்னொரு இடம். பழைய கார் வாங்குகிறவர் வசதிகளை எண்ணிப் பார்த்து மகிழ்கிறார், இடங்களை எண்ணுவதில்லை.

போர்ஷே 911 ஜிடி3 எஞ்சின் தீப்பிடித்தது. 2014-ல், அதுவரை விற்ற 785 வண்டிகளையும் ஓட்டாதீர்கள் என்று நிறுவனமே சொல்லி, எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. ஃபெராரி 458-ல் சக்கர வளைவில் பயன்படுத்திய பசை சூட்டில் பற்றிக்கொண்டது. 2010-ல் 1,248 வண்டிகள் திரும்பின. இதைவிட விலை வைக்க இடமில்லை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மோதலைத் தாங்கும் உடற்கட்டு, ஏர்பேக், சறுக்காமல் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு, இவை பலவும் முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வந்தன. ஆனால் அந்த வித்தியாசம் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. 2018-லேயே டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இன்னொன்று, நட்சத்திரம் புது வண்டிக்குக் கொடுப்பது. பத்து வருடம் கழித்துப் பிரேக் பூஸ்டர் துருப்பிடிக்குமா என்று எந்த மோதல் சோதனையும் சொல்லாது. துருப்பிடித்தது. 2004 முதல் 2015 வரை செய்த எம்எல், ஜிஎல், ஆர்-கிளாஸ் வண்டிகள் கிட்டத்தட்ட 10 லட்சத்தை 2022-ல் மெர்சிடிஸ் அதற்காகவே திரும்ப அழைத்தது. பூஸ்டரைச் சுற்றிய ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தங்கி இரும்பை அரித்திருந்தது.

அதே 2022 செப்டம்பர் 4. மும்பையை நோக்கி வந்த மெர்சிடிஸ் ஜிஎல்சி, பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தின் சுவரில் மோதியது. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் உடன் வந்த இன்னொருவரும் இறந்தார்கள். இருவரும் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். அது வண்டியின் பழுது என்று நான் சொல்லவில்லை. பாலம் குறுகும் இடத்தில் சாலை அமைந்த விதமும் அன்று பேசப்பட்டது. நான் சொல்வது பின் சீட்டைப் பற்றி. இவ்வளவு பெரிய வண்டியில் பெல்ட் எதற்கு என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! ஆல்ட்டோவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிற அத்தை, பெரிய வண்டியில் ஏறியதும் காலை நீட்டிக்கொள்கிறார்.

சரி, பழுது வந்துவிட்டது, கேட்டுப் பெறலாமே என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2009 செப்டம்பர் 25 அன்று ஒரு நிறுவனம் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் வாங்கியது. நான்காம் நாள் வண்டியில் பெரிய கோளாறு. நவம்பரில் மறுபடியும். புகார், போலீஸ் வழக்கு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். 2024 ஜூலையில் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுத்து முடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஏறத்தாழ பதினைந்து வருடம். வக்கீல் வைக்க வசதியுள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், மூன்றாம் கை வண்டி வாங்கிய மளிகைக் கடைக்காரர் எங்கே போவார்?

நம் நாட்டில் 2012 வரை ரீகால் என்பதற்கு வாகனத் தயாரிப்பாளர்களுக்குள் ஒரு பொது நெறிகூடக் கிடையாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தார்கள். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு மாடலில் வருடத்துக்கு எத்தனை வண்டி விற்றது, அதில் எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் அரசு இறங்கும். அதாவது பதியாத புகார் கணக்கில் இல்லை. கவுரவம் போய்விடும், மறுவிற்பனை விலை இறங்கிவிடும், டிரைவருக்கு என்ன தெரியும் என்று வீட்டுக்குள்ளேயே முடித்துவைக்கும் ஒவ்வொரு புகாரும் அடுத்த வீட்டுக்காரரின் பாதுகாப்பிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுகிறது.

மூடியை மாற்றிய அன்று மாமா டிரைவர் அண்ணனிடம் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்பா" என்றார். விரிசல் விட்ட பழைய மூடியை ஒரு கவரில் போட்டு அலமாரியில் வைத்தார். அந்த வாரமே அரசிடம் புகார் பதிய வேண்டும் என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தை எடுத்தார். விதியைப் படித்துப் பார்த்தோம். திரும்ப அழைக்கும் கட்டாயம் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். மாமாவின் வண்டிக்கு வயது ஒன்பது.