கணவாய்க்கு மூன்று இதயம்

ஒடியல் கூழுக்குள் நாம் போடும் கணவாய்க்கு மூன்று இதயங்கள் உண்டு. அதன் இரத்தம் நீலம். நமது இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் இரத்தத்தில் செம்பு செய்கிறது. கரையோரக் கிராமம் ஒன்றின் ஞாயிறு பாடசாலையில் இதனைச் சொன்னபோது பிள்ளைகள் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பின்னர் ஒரு சிறுவன் எழுந்து, "அப்ப அம்மா கணவாய் வெட்டேக்கை ஏன் நீலமா வாறேல்லை?" என்று கேட்டான். எமக்குப் பதில் வரவில்லை. தேடிப் பார்த்து அடுத்த கிழமை சொன்னோம்: ஒட்சிசன் ஏறியிருக்கும் போதுதான் அந்த இரத்தம் நீலம், ஒட்சிசன் நீங்கினால் நிறமற்றுப் போகும். "இப்பிடிப் புத்தகம் இருக்கோ?" என்பது அவனது அடுத்த கேள்வி.

அந்த ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் பார்த்தோம். பத்திரிகைகள் இருந்தன. தரம் ஐந்து புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒரு பிள்ளை தானாக விரும்பி எடுத்து வாசிக்கக்கூடிய நூல் ஒன்றுதானும் இல்லை.

நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கதைகளிலும் குறை உண்டு. அவற்றில் நரி தந்திரத்துக்கு, எறும்பு உழைப்புக்கு, காகம் ஏமாறுவதற்கு என நியமிக்கப்பட்டுள்ளன. கதை முடிந்ததும் நீதி வந்து நிற்கும். பிள்ளையும் அது வரப்போவதை அறிந்து சலித்துப்போகும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878-1953) பிள்ளைகளுக்குக் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினார். ஆடிப்பிறப்பின் கூழையும் கொழுக்கட்டையையும் பாடினார். தம் வளவிலும் அடுப்படியிலும் கண்டவற்றைப் பாட்டில் கண்டதனால் அல்லவா பிள்ளைகள் அவற்றை விரும்பிப் பாடினர்!

நம் வளவிலும் கடலிலும் இன்னும் எழுதப்படாதவை எத்தனையோ. பனை உழவாரன் தொங்கும் பனையோலையின் அடிப்புறத்தில் தன் எச்சிலால் சிறு கூடொன்றை ஒட்டுகிறது. முட்டைகளையும் எச்சிலாலேயே ஒட்டிவிடுகிறது. காற்றில் ஓலை எப்படி ஆடினாலும் அவை விழா. கடற்குதிரையில் குஞ்சுகளைப் பையில் சுமப்பது தகப்பன். கடலட்டையோ எல்லாவற்றிலும் விசித்திரமானது. அதற்கு மூளை இல்லை. பின்துவாரத்தால் நீரை உள்ளிழுத்துச் சுவாசிக்கிறது (இதைச் சொன்னால் வகுப்பை அடக்க முடியாது). மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவுச் சத்தைத் தின்று, மணலைத் துப்புரவாக வெளியே விடுகிறது. ஆபத்து வந்தால் சில இனங்கள் தம் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் பின்னர் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. இன்று நம் கடலேரியில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. அவை யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு என்று பெரியவர்கள் வாதிடுகிறார்கள். நாளை அந்தக் கடலில் தொழில் செய்யப்போகும் பிள்ளை அந்தப் பிராணி என்ன செய்கிறது என்பதை ஒரு படப் புத்தகத்தில்கூட வாசித்ததில்லை.

வேதாகமம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. துன்பத்தில் உழன்ற யோபுவுக்குக் கடவுள் மறுமொழி கூறும் இடத்தில், வரையாடும், காட்டுக்கழுதையும், முட்டையை மணலில் விட்டுச் செல்லும் தீக்கோழியும், கழுகும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எதுவும் யோபுவுக்கு ஒழுக்கம் போதிக்க வரவில்லை.

1841இல் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிமார். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் அதே நூற்றாண்டில் உடற்கூற்றையும் மருத்துவத்தையும் தமிழில் நூலாக்கினார். அந்த வழியில் வந்த நமக்குக் கணவாய் பற்றிப் பதினாறு பக்கம் அச்சிடுவது பெரிய காரியமா? நமது அபிவிருத்தித் திட்டங்களில் கிணறும் வலையும் தையல் இயந்திரமும் இடம்பெறுகின்றன. சிறுவர் நூல் மட்டும் 'மிச்சம் இருந்தால் பார்ப்போம்' என்ற வரிசையில் நிற்கிறது. முன்பள்ளி ஆசிரியை ஒருவரும், சித்திரம் வரையத் தெரிந்த ஓர் இளைஞரும், கடலை அறிந்த வயோதிபத் தொழிலாளி ஒருவரும் மூன்று மாலைப்பொழுது கூடி இருந்தால் முதல் நூல் எழுதி முடியும். அச்சுச் செலவை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்குமாறு சபைகளைக் கேட்கிறோம். அந்தச் சிறுவன் ஒவ்வொரு ஞாயிறும் புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.