ஊதிப்போன பேட்டரிகள்: ஐரோப்பாவின் புதிய சட்டங்கள் பழைய கருவிகளைக் காக்குமா?

கொரோனா பெருந்தொற்றினால் ஜெர்மனியில் பள்ளிகள் மூடப்பட்ட 2020ஆம் ஆண்டில், வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்கு இரவலாகத் தருவதற்கென மடிக்கணினிகளும் டேப்லெட் கணினிகளும் வாங்க அந்நாட்டு மத்திய அரசு 50 கோடி யூரோ ஒதுக்கியது. அக்கருவிகள் ஐந்து வயதைக் கடந்துவிட்டன. லித்தியம் பேட்டரிகள் தளர்வதும், அவற்றில் சில ஊதத் தொடங்குவதும் ஏறக்குறைய இந்த வயதில்தான்.

டேப்லெட்டின் உள்ளே இருப்பது அலுமினியத் தாளாலான உறைக்குள் அடைக்கப்பட்ட தட்டையான மின்கலம். அதிலுள்ள மின்பகுளித் திரவம் நாளடைவில் சிதையும்போது கார்பன் டை ஆக்ஸைடு, எத்திலீன் போன்ற வாயுக்கள் உருவாகின்றன. வெளியேற வழியில்லாததால் உறை உப்புகிறது. வெப்பமும், முழு மின்னேற்றத்துடன் நாட்கணக்கில் மின் இணைப்பிலேயே விட்டுவைப்பதும் இதை விரைவுபடுத்துகின்றன. முதலில் திரையின் ஓரம் மேலெழும். அதை அழுத்தி மூடுவது மிகவும் ஆபத்தானது. உறை கிழிந்தாலோ உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலோ தீப்பற்றக்கூடும்.

செயலியும் திரையும் நன்றாக இருக்க, பேட்டரி ஒன்றுக்காகக் கருவியே குப்பைக்குப் போகும் நிலையைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் மூன்று சட்டங்களை இயற்றியுள்ளது. 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைத்தொலைபேசி, டேப்லெட் மாதிரிகளுக்கு, விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் ஏழு ஆண்டுகள் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் பழுதுபார்க்கும் உரிமை நெறிமுறையை உறுப்பு நாடுகள் தமது சட்டத்தில் சேர்ப்பதற்கு 2026 ஜூலை 31 கெடுவாக வைக்கப்பட்டது. கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற பேட்டரி ஒழுங்குவிதி 2027 பிப்ரவரி 18ஆம் தேதியை நடைமுறை நாளாகக் குறித்துள்ளது.

ஆனால் முதல் விதியிலேயே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் முறை முழுமையாக மின்னேற்றிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு எஞ்சி, கருவி தூசியும் நீரும் புகாததாக இருந்தால், பயனரே மாற்றும் வசதியை நிறுவனம் தரவேண்டியதில்லை. நீடித்த ஆயுளுக்குக் கிடைக்கும் சலுகை இது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் பழைய அனுபவம் எச்சரிக்கையைக் கோருகிறது. பேட்டரிகளை எளிதில் அகற்றும்படி கருவிகளை வடிவமைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டிலேயே விதித்திருந்தது. 2010 மே மாதம் ஜெர்மனியில் ஐபேட் விற்பனைக்கு வந்தபோது அதன் பேட்டரி பயனர் தாமே மாற்றக்கூடியதாக இருக்கவில்லை. பயனரால் இயலாவிட்டால் தகுதி பெற்ற தொழில்நுட்பர் அகற்றினால் போதும் என்று 2013இல் விதியே திருத்தப்பட்டது. சட்டத்தை நோக்கிப் பசை நகரவில்லை. பசையை நோக்கிச் சட்டம்தான் நகர்ந்தது.

பழைய கருவிகளுக்கோ இந்த உதிரிபாக உத்தரவாதமும் இல்லை. தயாரிப்பாளரிடம் பேட்டரி இல்லாதபோது, எஞ்சும் வழி அளவுக்கேற்ற மின்கலங்களைத் தேடிப் பொருத்துவதே. இத்தகைய மின்கலங்களின் எண்ணிலேயே அளவு அடங்கியிருக்கும். 357095 என்றால் 3.5 மில்லிமீட்டர் தடிமன், 70 அகலம், 95 நீளம். ஊதிய பேட்டரியை அளந்தால் தடிமன் தவறாகவே வரும். அது அமர்ந்திருந்த குழியைத்தான் அளக்க வேண்டும், புதியது சற்றே விரியவும் இடம் விட வேண்டும்.

அளவைவிட முக்கியமானது மின்னழுத்தம். 4.35 வோல்ட் வரை மின்னேற்றும் கருவியில் 4.2 வோல்ட்டுக்கான மின்கலத்தைப் பொருத்தினால், ஒவ்வொரு முறையும் அது அளவுக்கு மீறி மின்னேற்றப்படும். பொருத்திய அன்று எல்லாம் சரியாகவே இயங்கும் என்பதுதான் இதிலுள்ள பொறி. பழைய பேட்டரியின் பாதுகாப்புச் சுற்றுப் பலகையையும் புதிய மின்கலத்துக்கு மாற்ற வேண்டும். அதிலுள்ள சில்லு மின்சாரம் அறுந்த நொடியில் தன்னைப் பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால், சரியான மின்கலம்கூடப் பயன்படாது. சென்னை ரிச்சி தெருவில் பேட்டரி மாற்றுவது அன்றாட வேலை. ஜெர்மனியிலோ தொழில்நுட்பரின் ஒரு மணி நேரக் கூலி பழைய டேப்லெட்டின் விலையை எட்டிவிடுகிறது. பழுதடைந்த லித்தியம் பேட்டரியைச் சாதாரணப் பொதியாகத் தபாலில் அனுப்பவும் முடியாது. விமானத்தில் அதற்கு முற்றிலும் தடை.

இந்தச் செலவைக் குறைக்க ஜெர்மன் மாநிலங்கள் சில முயன்றன. தூரிங்கியா 2021இலும், சாக்சனி 2023இலும், பெர்லின் 2024இலும் பழுதுபார்க்கும் செலவில் பாதியைக் குறிப்பிட்ட வரம்புவரை திருப்பித் தரும் திட்டங்களைத் தொடங்கின. தன்னார்வலர்கள் நடத்தும் பழுதுபார்ப்புக் கூடங்களும் நாடெங்கும் உள்ளன. ஆனால் உதவித்தொகை கூலியின் சுமையைத்தான் குறைக்கும். இல்லாத உதிரிபாகத்தை அது உண்டாக்காது.

2024ஆம் ஆண்டு நெறிமுறையில் இதற்கு உதவக்கூடிய ஒரு வாசகம் இருக்கிறது. பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட மாற்று உதிரிபாகங்களைச் சுதந்திரப் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்துவதை, தன் பழுதுபார்க்கும் பொறுப்புக்கு உட்பட்ட கருவிகளில் தயாரிப்பாளர் தடுக்கக் கூடாது என்பது அது. பேட்டரி ஒழுங்குவிதியும் பொருந்தக்கூடிய வேறு பேட்டரியை மென்பொருளால் முடக்குவதைத் தடை செய்கிறது. சிக்கல் "பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட" என்ற சொற்களில் இருக்கிறது. மின்கலத்தைத் தயாரித்த ஆலை அதற்குச் சான்றளிக்கலாம். அதைப் பழைய சுற்றுப் பலகையுடன் இணைத்துக் கட்டிய பேட்டரிக்கு யார் சான்றளிப்பது? ஒரு பழுதுபார்ப்புக் கூடத்தின் மேசையில் அதற்கான சோதனைகளைச் செய்ய இயலாது.

மின்னழுத்தத்தையும் இணைப்பு முறையையும் தயாரிப்பாளர்கள் வெளியிட்டாலே ஆபத்தின் பெரும்பகுதி குறையும். விற்பனை நிறுத்தப்பட்ட மாதிரிகளுக்கு இத்தகவல்களைத் தருவதால் வணிக இழப்பு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அத்தகவல் இல்லாதவரை, பள்ளிகளை நடத்தும் ஜெர்மன் நகராட்சிகளுக்கு முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: ஊதிய கருவியை மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டுப் புதியது வாங்குவது, அல்லது சான்றில்லாத பேட்டரி பொருத்திய ஒன்றை ஒரு குழந்தையின் கையில் கொடுப்பது. இரண்டாவதில் கையெழுத்திட எந்த அதிகாரியும் முன்வருவார் என்று எதிர்பார்க்க இயலாது.