அவன் ஆட்டம் முடிந்தால்தான் என் முறையா?



“செல்போன் கேம் நல்லதா, கெட்டதா?” என்று போன இதழில் கேட்டிருந்தார்கள். நிறைய பேர் “கெட்டது, கண் கெடும், படிப்பு கெடும்” என்று எழுதியிருந்தீர்கள். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் அதே கேமைத்தான் ஆடினீர்கள் என்பது எனக்குத் தெரியும்! அதனால் நான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். காலாண்டு விடுமுறையில் மூன்று கேம்கள் பார்த்தேன். இரண்டை ஆடினேன். ஒன்றை ஆட எனக்கு முறையே வரவில்லை.

முதலாவது, பாம்பு கேம். எங்க ஆயாவிடம் ஒரு பழைய நோக்கியா போன் இருக்கிறது. பாம்பு புள்ளியைத் தின்னும், வால் நீளும், தன் வாலையே இடித்தால் செத்துப் போகும். அவ்வளவுதான் கேம்! ஆனால் விட மனசு வராது. 1997-இல் பின்லாந்தில் நோக்கியாவில் வேலை பார்த்த டனேலி அர்மாண்டோ என்ற இன்ஜினியர் இதை அந்த போன்களுக்காக எழுதினாராம். ஆயா போனின் பேட்டரியைக் கழற்றினால் உள்ளே “மேட் இன் இந்தியா” என்று ஸ்டிக்கர் இருக்கிறது. நம்ம ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை இருந்தது, 2006 முதல் அங்கே போன் செய்தார்கள், 2014 நவம்பர் 1-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள் என்று அம்மா சொன்னாங்க. ஆயா போனும் இங்கே பிறந்ததாக இருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, எங்க அண்ணன் ஆடும் துப்பாக்கி கேம். பெயர் எழுத வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். ஐம்பது பேர் ஒரு தீவில் குதித்துச் சுட்டுக்கொள்வார்கள், கடைசியில் நிற்பவர் ஜெயிப்பார். ஒரு மேட்ச் பத்து நிமிஷம் என்பான். “இது முடிஞ்சதும் உனக்குத் தரேன்” என்பான். முடிந்ததும் “ரேங்க் போயிடும், இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்பான். வீட்டில் இருப்பது ஒரே டச் போன். அவன் ஆட்டம் முடிந்தால்தான் என் முறை. அந்த ஆட்டம் முடிவதே இல்லை!

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. அந்த கேமே முடியாத மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் வராவிட்டால் நஷ்டம். சட்டை மாற்ற டைமண்ட், டைமண்ட் வாங்கப் பணம். போன மாதம் அம்மா அக்கவுண்ட்டில் 800 ரூபாய் காணோம். அம்மா ஒன்றரை நாள் நின்றுகொண்டே வேலை செய்த காசு அது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்து பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டு வந்தார்கள். ஆனால் அது, ஜெயித்தால் பணம் வரும் என்று ஆசை காட்டும் கேம்களுக்குத்தான். பொம்மைக்குச் சட்டை வாங்குவது அதில் வராது. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, “வெண்பா”. ஒரகடத்தில் வேலை பார்க்கும் பெரியம்மா மகள் அக்கா தன் சம்பளத்தில் லேப்டாப் வாங்கியிருக்கிறாள். அதில் ஆடினேன். கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன வெண்பா என்ற தமிழ் அம்மா, அவர் கணவர் பாவலன், மகன் கவின். இவர்கள்தான் கதை. துப்பாக்கி இல்லை, சமையல்தான்! வெண்பாவுக்கு அவர் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டில் சில வரிகள் அழிந்துவிட்டன. அந்த வரியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பலகாரமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று கேட்கிறது. நான் தப்பாக அடுக்கினேன். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து என்னைக் கூப்பிட வந்த அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “ஓட்டைக்கு நேரா ஓட்டை வைக்காதடி, மேல் தட்டைத் திருப்பு” என்றாங்க. சரியாக வந்துவிட்டது! கேமில் அம்மா ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன். கவின் தமிழில் பேசக் கூச்சப்படும்போது அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாங்க. இந்த கேமுக்கு 2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருது கிடைத்ததாம். இரண்டு மணி நேரத்தில் கதை முடிகிறது. முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, அன்று இரவு நானும் அம்மாவும் அதைப் பற்றியே பேசினோம்.

இப்போது என் கருத்து. கேம் கெட்டது இல்லை. நம்மைப் போக விடாத கேம்தான் கெட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். நல்ல கேம் அளவைத் தானே வைத்திருக்கிறது.

இரண்டாவது கருத்துதான் முக்கியம். அந்த 800 ரூபாய் போனதும் “இனி யாருக்கும் போன் இல்லை” என்று அப்பா சொன்னார். இரண்டே நாளில் அண்ணன் கைக்குப் போன் வந்துவிட்டது. நான் கேட்டால், “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கேமு?” என்கிறார். தப்பு செய்தது ஒருத்தர், தண்டனை இன்னொருத்தருக்கா?

நம்ம ஊரைப் பாருங்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும் அக்காங்க எத்தனை பேர்! வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். அந்த அக்காங்க கையால்தான் செல்போன் உருவாகி உலகமெல்லாம் போகிறது. எங்க அம்மாவும் அப்படி ஒரு கம்பெனியில்தான் லைனில் நிற்கிறாங்க. போனைச் செய்யப் பெண் வேண்டும், அதை அரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ள மட்டும் பெண் கூடாதா?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் என்றால் கடிகாரம் பார்த்து ஆளுக்கு அரை மணி. அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். “யோசிக்கிறேன்” என்றாங்க. அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது இந்தச் சுவர்ப் பக்கம் கூட்டி வந்து அவரையே படிக்கச் சொல்லப் போகிறேன்!

உங்கள் வீட்டில் எப்படி? எழுதி வகுப்புப் பெட்டியில் போடுங்கள். அண்ணன்மார்களும் தம்பிகளும் கட்டாயம் எழுதவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி