கன்றுக்கு விழும் சுருக்கு



சென்ற வசந்தத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், மஸ்ஜித் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு தம்பி கேட்டார்: “காக்கா, வாயில்லா ஜீவனைக் கயிற்றால் இழுத்துப் போட்டுச் சூடு வைக்கிற இடத்துக்கா பிள்ளையை அனுப்புகிறீர்கள்? இது நம் மார்க்கத்துக்கு அடுக்குமா?” சுற்றி நின்றோர் தலையசைத்தனர். எனக்கு உடனே விடை வரவில்லை. அதே கேள்வியை என் பதினைந்து வயது மகனிடம் ஒரு மாதத்துக்கு முன் நானே கேட்டிருந்தேன்.

நாங்கள் வாழ்வது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில். அதன் தென்மேற்கு மூலையில் ஒவைஹீ என்றொரு மாவட்டம் உண்டு. ஹவாய் என்ற பெயரின் பழைய எழுத்துருவே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்குத் தோல் வேட்டைக்கு வந்து, அம்மலைகளுக்குள் சென்று திரும்பாமற்போன ஹவாய்த் தீவினரின் நினைவாக நின்ற பெயர் என்பர். மனிதரைவிட மாடுகள் மிகுந்த வறண்ட மேட்டுநிலம். என்னுடன் பணிபுரியும் ஒருவரின் தந்தை அங்கே மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் வசந்தத்தில், பிறந்து ஒன்றிரண்டு மாதமான கன்றுகளுக்குக் குறியிடும் நாளில் அக்கம்பக்கத்துப் பண்ணையார் அனைவரும் கூலியின்றி வந்து உதவுவர். பிறகு இவர் அவர்களுடைய பட்டிக்குப் போவார். என் மகன் தானும் போக வேண்டும் என்றான். அவனைத் தனியே அனுப்ப மனமின்றி நானும் உடன் சென்றேன். எதிர்ப்பதற்குக் காரணம் தேடியே சென்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் எதிர்பார்த்தது ஆர்ப்பாட்டம். கண்டதோ ஏறக்குறைய மௌனம். பட்டிக்குள் தாய்ப்பசுக்களும் கன்றுகளும் கலந்து நின்றன. குதிரைமீது இருவர் மட்டும் மெல்ல நடந்து உள்ளே புகுந்தனர். ஓட்டமில்லை, கூச்சலில்லை. கன்று தன் தாயை நோக்கி ஓரடி எடுத்து வைக்கும் கணத்தில், அதன் பின்னங்கால்களுக்கு முன்னே ஒரு சுருக்கு வந்து நின்றது. விழுந்தது என்று சொல்ல மாட்டேன், நின்றது. சுருக்கின் அடிப்பகுதி மண்ணில் படிந்திருக்க, மேற்பகுதி கன்றின் வயிற்றோரம் சாய்ந்து, திறந்த வாயிற்படிபோல் காத்திருந்தது. கன்று தானாகவே அதற்குள் காலை வைத்தது. வீசியவர் கயிற்றின் தளர்ச்சியை மேல்நோக்கி இழுத்து, சேணத்தின் முன்கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிரையைத் திருப்பி, நடைவேகத்தில் நெருப்பருகே கொண்டுவந்து சேர்த்தார்.

அங்கே தரையில் இருவர். ஒருவர் கன்றின் மேல்முன்னங்காலை மடக்கிப் பிடித்து, கழுத்தருகே முழங்காலை ஊன்றுகிறார். மற்றவர் பின்னே அமர்ந்து மேற்பின்னங்காலைத் தம் மடிக்கு இழுத்துக்கொண்டு, கீழ்க்காலைத் தம் பாதத்தால் தள்ளிப் பிடிக்கிறார். உடனே கயிறு கழற்றப்படுகிறது. தடுப்பூசி, காளைக்கன்றாயின் காயடித்தல், காதில் வில்லை, இடுப்பில் சூட்டுக்குறி. எல்லாம் ஓரிரு நிமிடங்களுக்குள் முடிந்து, கன்று எழுந்து உடலை உதறிக்கொண்டு தாயைத் தேடி ஓடுகிறது.

சூட்டில் வலியில்லை என்று நான் எழுதப் போவதில்லை. கன்று கத்தியது. மயிர் கருகும் நாற்றம் என் சட்டையில் அன்றிரவு வரை இருந்தது. என் மகன் முதற்கன்றின்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆயினும் அங்கிருந்த முதியவர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முறையைக் கவனித்தபோது என் எதிர்ப்பு மெல்லக் கரைந்தது. அவர் முதலில் கற்பித்தது வீச்சை அன்று. கயிற்றைச் சுருட்டிப் பிடிப்பதை. இடக்கையில் கடிவாள வாரும் கயிற்றுச் சுருளும் ஒருசேர இருக்க வேண்டும். ஒன்றோடொன்று சிக்கக் கூடாது. பண்ணைக் கயிறு நாற்பத்தைந்து அடி முதல் அறுபது அடி வரை நீளும். ரோடியோ என்னும் போட்டிகளில் கன்று பிடிக்க வீசும் கயிறோ அதில் பாதியளவே. ஏன் இத்தனை நீளம் என்று கேட்டேன். “தொலைவிலிருந்து பிடித்தால் மாடு மிரளாது” என்றார். அதன்பின் சுருக்கை விரித்தல், மணிக்கட்டைத் திருப்புதல், கை எங்கே முடிகிறதோ அங்கேதான் சுருக்கும் சேரும் என்பதை உணர்தல். மரக்கட்டையால் செய்த பொம்மைக் கன்றின்மீது இவற்றைப் பல நூறு முறை தரையில் நின்று பழகிய பிறகே குதிரை. குதிரைமீது பழகிய பிறகே உயிருள்ள கன்று. பக்கவாட்டு வீச்சு, புறங்கை வீச்சு, தலைக்குமேல் ஒரே சுற்றில் விடும் ஹூலிஹான் வீச்சு என வகைகள் பல. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றே: மந்தையைக் கலைக்காமல் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தல்.

சேணக்கொம்பில் கயிற்றைச் சுற்றுவதை அவர்கள் டாலி என்கிறார்கள். சுற்றச் சொல்லும் ஸ்பானியச் சொற்றொடரின் சிதைவு அது. வலக்கையால் இடஞ்சுழியாகச் சுற்றும்போது கட்டைவிரல் மேல்நோக்கி நிற்க வேண்டும். மறந்தால் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே விரல் சிக்கும். அப்படி விரலை இழந்தோர் அத்தொழிலில் அரியவரல்லர். டெக்சாஸ் பக்கத்தில் கயிற்றின் நுனியைக் கொம்போடு இறுகக் கட்டிவிடும் வழக்கம் வேரூன்றியது. இங்கே மேற்கில் சுற்றி மட்டும் வைக்கிறார்கள். வேண்டும்போது கயிற்றைச் சற்று வழுக்கவிட்டு இழுப்பின் அதிர்ச்சியைக் குறைக்கலாம். ஆபத்தென்றால் முற்றிலும் விட்டுவிடலாம். கன்றுக்கும் குதிரைக்கும் மனிதனுக்கும் உயிர் தப்பும் வழி அந்தச் சுற்றிலேயே இருக்கிறது.

இடையே ஒரு செய்தி. இந்தக் குதிரைக்கலை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மெக்ஸிகோவின் மாடு மேய்ப்போரான வக்கேரோக்களிடமிருந்தே அமெரிக்கர் இதைக் கற்றனர்; மெக்ஸிகோவுக்குக் குதிரையைக் கொண்டுவந்தோர் 1519இல் கோர்த்தேஸுடன் கரையிறங்கிய ஸ்பானியர். அவர்களுடைய மொழியில் குதிரைவீரனைக் குறிக்கும் ஹினேத்தே என்ற சொல், வட ஆப்பிரிக்காவின் ஸனாத்தா என்னும் பெர்பர் குலத்தாரின் பெயரிலிருந்து வந்தது. குட்டையான அங்கவடியில் காலூன்றிச் சவாரி செய்யும் அவர்களது பாணி அந்தலூஸ் வழியே ஸ்பெயினில் பரவியது. கடிவாள இரும்பின்றிக் குதிரையைப் பழக்கும் மூக்குவாருக்கு இப்பண்ணையார் ஹேக்கமோர் என்கின்றனர். ஸ்பானியரின் ஹாக்கிமா, அதற்கும் முன் அரபியரின் ஷகீமா. அந்த முதியவரிடம் இதைச் சொன்னேன். தொப்பியைச் சற்றே உயர்த்திவிட்டு மறுபடி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

கால்நடைக்குச் சூட்டுக்குறி இடுவது நம் ஹதீஸ் நூல்களில் பேசப்படாத பொருளன்று. அனஸ் (ரலி) அவர்கள் தம் தாய்க்குப் பிறந்த குழந்தை அப்துல்லாஹ்வை, வாயில் பேரீச்சம்பழம் தடவுவதற்காக நபி (ஸல்) அவர்களிடம் தூக்கிச் சென்றபோது, அவர்கள் சூட்டுக்கோலைக் கையில் ஏந்தி ஜகாத் ஒட்டகங்களுக்குக் குறியிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. ஒரு கையில் சமுதாயப் பொதுச்சொத்தின் காவல், மறுபக்கம் பிறந்த குழந்தைக்கு முதற்சுவை. அந்தக் காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆடுகளுக்குக் காதில் குறியிட்ட செய்தியும் உண்டு. முகத்தில் சூடிடப்பட்ட கழுதை ஒன்றைக் கண்டு, அதைச் செய்தவனை நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தியும் முஸ்லிமில் உண்டு.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஆட்டுக்குக் காதும் மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தொடையின் மேற்பகுதியும் குறியிடத் தக்க இடங்கள் என்று எழுதினார்கள். அங்கே தோல் கடினம், வலி குறைவு, மயிரும் குறைவு. ஐடஹோவில் நான் கண்ட குறி விழுந்த இடமும் ஏறக்குறைய அதுவே. அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதை வெறுக்கத்தக்கதாகக் கருதினார்கள் என்பதையும் நவவி அவர்களே பதிவு செய்கிறார்கள். ஆகவே அந்தத் தம்பியின் தயக்கத்தை நான் இகழவில்லை. அவருக்கு முன்னோடியாகப் பேரிமாம் ஒருவர் இருக்கிறார்.

தேவையா என்பதே உண்மையான கேள்வி. வேலியில்லா மேய்ச்சல் நிலத்தில் பல பண்ணைகளின் மாடுகள் கலந்து மேய்கின்றன. காது வில்லை அறுந்து விழும். திருடன் வெட்டியும் எறிவான். மேற்கு மாநிலங்கள் பலவற்றில் குறி அரசிடம் பதிவு செய்யப்படுகிறது. மாடு கைமாறும்போது குறியைப் பார்த்து உரிமையை உறுதி செய்ய ஆய்வாளர்கள் உண்டு. குறியில்லாக் கன்றுக்கு ஆங்கிலத்தில் மாவெரிக் என்ற பெயர், தம் கன்றுகளுக்குக் குறியிடாமல் விட்ட சாமுவேல் மாவெரிக் என்னும் டெக்சாஸ் வழக்கறிஞரால் வந்தது. அப்படித் திரிந்த கன்றை முதலில் கண்டவன் தன் குறியைப் போட்டுச் சொந்தமாக்கிக்கொண்ட காலமும் இருந்தது. அமானிதத்தைக் காக்கும் சாட்சியாகக் குறி நிற்கும்வரை அதற்கு நியாயம் உண்டு என்பது என் கருத்து. 1966இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ஃபாரல் உருவாக்கிய உறைகுளிர்க் குறி, மயிரை வெண்மையாக வளரச் செய்வது, சூட்டைவிடக் குறைந்த வலி தருவதாகக் கருதப்படுகிறது. வெளிர்நிற மாட்டில் அது தெளிவாகத் தெரியாது. கோலையும் நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆயினும் இயலுமிடத்தில் அதையோ வலிநீக்கி மருந்தையோ தேர்வது நம்மைப் போன்றோருக்குப் பொருத்தமென்பேன். மரபு என்ற ஒரே காரணத்துக்காகச் சூட்டைத் தொடர்வோருடன் எனக்கு உடன்பாடில்லை.

சூட்டிலும் திறமை இருக்கிறது. செந்தழலாய் ஒளிரும் கோல் மயிரைத் தீப்பற்றச் செய்து குறியைக் கலைக்கும். சாம்பல் நிறத்துக்கு வந்த கோலே சரியானது. உலர்ந்த தோலில் சில நொடிகள் போதும். ஈரமான கன்றுக்குச் சூடிட்டால் வெந்து புண்ணாகும். கோல் குளிர்ந்துபோனால் மறுமுறை வைக்க வேண்டிவரும், வலி இரட்டிக்கும். இதையெல்லாம் அறியாதவன் எவ்வளவு இரக்கமுள்ளவனாயினும் அவனுடைய இரக்கம் கன்றுக்கு எவ்விதத்திலும் உதவாது.

ரோடியோவில் கன்றைக் கழுத்தில் வீசிப் பிடித்து, இறுக்கிய கயிற்றால் வெட்டி நிறுத்தி, மூன்று கால்களைக் கட்டி, நொடிகளை எண்ணிப் பரிசளிக்கும் போட்டியை நான் ஏற்கவில்லை. உயிருள்ளவற்றைக் குறியிலக்காக்கி விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது யாவரும் அறிந்ததே. அங்கே கன்றுக்கு எந்தத் தேவையும் நிறைவேறவில்லை. என் மகன் அதற்குப் போக அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டேன். இரண்டு நாள் பேசாமலிருந்தான்.

ஆனால் அந்தத் தம்பியிடம் நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது வேறு. என் சிறுவயதில், ஊரில் ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று, குர்பானி ஆட்டை நான்கு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். அதன் கண்ணெதிரே ஒருவர் கத்தியைத் தீட்டினார். அது நழுவி ஓடியது, துரத்தினோம், சிரித்தோம். மழுங்கிய கத்தி முதல் இழுப்பில் வேலை செய்யவில்லை. என் வாப்பா அன்று மதியம் சோறு உண்ணவில்லை. அறுப்பதாயின் அழகாக அறுங்கள், கத்தியைக் கூர்மையாக்குங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்ற பொருள்பட வந்த ஹதீஸை எத்தனை மிம்பர்களில் கேட்டிருக்கிறோம்! கத்தியைப் பிராணியின் பார்வையில் தீட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இவற்றை மனப்பாடமாக அறிந்த நாங்கள், ஓர் ஆட்டைப் படுக்க வைப்பது எப்படி என்பதை எவரிடமும் கற்கவில்லை. பெருநாளைக்கு முன் ஒரு மாலை, பழகிய ஒருவரை அழைத்து, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் முறையையும் கத்தி தீட்டும் முறையையும் காட்டித்தரும் ஜமாஅத் எத்தனை? அதை நடத்த ஒரு பாயும் ஒரு சாணைக்கல்லும் போதும்.

அன்று பட்டியில் என் மகனுக்குத் தரைவேலை கொடுத்தார்கள்; பின்னங்காலைப் பிடிக்கும் வேலை. மூன்றாவது கன்றில் பிடி தளர்ந்தது. கன்று உதைத்து எழ முயன்றது. கோல் ஏந்தியவர் உடனே பின்வாங்கினார். மகன் தன் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். முதியவர் சிரிக்கவில்லை. “உனக்கு வலித்தது பரவாயில்லை. அதன்மீது குறி கோணலாக விழுந்திருந்தால் ஆயுள் முழுவதும் அது சுமக்கும்” என்று சொல்லிவிட்டு, அருகே மண்டியிட்டு, பிடியை மறுபடி காட்டினார்.

இப்போது எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மரத்தாலான கன்று ஒன்று நிற்கிறது. அஸருக்குப் பின் இருவரும் கயிறு வீசுகிறோம். அவன் பத்தில் ஆறு முறை இரு கால்களையும் பிடிக்கிறான், எனக்கு இரண்டு. வரும் வசந்தத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது, இன்ஷா அல்லாஹ். மகனுக்குக் குதிரைமீதா தரையிலா என்பதை முதியவர் அன்றைக்குத்தான் சொல்வாராம். கேள்வி கேட்ட தம்பியையும் உடன் வருமாறு அழைத்திருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.