தவணையா, தண்டனையா?

கலாசாலையில் போதிய மார்க்கு வாங்காத மாணவனை உடனே வெளியேற்றாமல், எச்சரித்துத் தவணை அளிப்பதற்கு 'அகாடமிக் புரொபேஷன்' என்று பெயர். அமெரிக்கக் கலாசாலைகளில் பெரும்பாலும் 4-க்கு 2 என்ற சராசரிக்குக் குறைந்தவன் இந்நிலைக்கு ஆளாகிறான். நம் தேசத்து ஐ.ஐ.டி.க்கள் சிலவற்றிலும் இம்முறை உண்டு. முறை நல்லதே, அதை அநுஷ்டிக்கும் விதந்தான் விசாரணைக்குரியது.

2015-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ரூர்க்கி ஐ.ஐ.டி., முதல் வருஷ மாணவர் 70 பேருக்கு மேல் வெளியேற்றியது. 10-க்கு 5 என்ற சராசரியை அவர்கள் எட்டவில்லை என்பது காரணம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினர் என்று பத்திரிகைகள் தெரிவித்தன. மாணவர்களின் மனுவை உத்தரகண்ட் ஹைகோர்ட்டு தள்ளிவிட்டது. பிறகு ஸ்தாபனமே மனமிரங்கி, முதல் வருஷத்தை மீண்டும் படிக்க இடமளித்தது. பின்னால் கொடுக்க முடிந்த தவணையை முன்னாலேயே கொடுத்திருக்கலாகாதா?

லக்ஷக்கணக்கானவர் போட்டியிடும் பரீக்ஷையில் தேறி வந்த பிள்ளைகள் ஒரே வருஷத்தில் மூடராகிவிட்டார்களா? நுழைவுப் பரீக்ஷையை ஹிந்தியில் எழுத அநுமதிக்கிறார்கள். உள்ளே சென்றால் பாடம் இங்கிலீஷில் நடக்கிறது. கிராமப் பள்ளியில் தாய்மொழியில் கற்றவன் பாடத்தோடும் போராட வேண்டும், பாஷையோடும் போராட வேண்டும்.

இங்கிலீஷால் இடறிய மாணவர் கதை நமக்குப் புதிதன்று. 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன், இங்கிலீஷில் தேறாமையால் அச்சம்பளத்தை இழந்தார். 1918-ல் அவரையே லண்டன் ராயல் சொஸைட்டி தன் அங்கத்தினராக்கிக்கொண்டது. இடையில் அவர் பட்ட வறுமைக்குப் பதில் சொல்லுவார் யார்?

மார்க்கைத் தானமாகக் கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை. பாலம் கட்டும் எஞ்சினீயருக்குக் கணக்குத் தெரிந்தே ஆகவேண்டும். நாம் கேட்பது இதுவே: முதல் பருவத்தில் தளர்ந்தவனை உபாத்தியாயர் அழைத்து, குறை பாடத்திலா, பாஷையிலா, வீட்டு வறுமையிலா என்று விசாரிக்கட்டும். பாடத்தைக் குறைத்து, தனி வகுப்பு வைத்து, தாய்மொழியில் விளக்கட்டும். இவ்வளவும் செய்தபின் அவன் தேறாவிடில், அப்போது வெளியேற்றுவதை நாமும் ஆக்ஷேபிக்க மாட்டோம்.

உதவியில்லாத தவணை, தள்ளிப்போட்ட தண்டனையேயாகும். ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் கலாசாலைக்கு அத்தவணைக் காலம் ஒரு பரீக்ஷை. மாணவனைத் தூக்கிவிட அது என்ன செய்தது என்பதற்கும் மார்க்கு உண்டு. அதைப் போடவேண்டியவர்கள் ஜனங்களே.