மணி நாலரைக்கு மேல் ஒரு கை சுண்டல்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. பிளஸ் டூ படிப்பவருக்கு இரண்டும் இல்லை. மாலைச் சிறப்பு வகுப்புக்கு உட்கார்கிற பிள்ளைகளின் பசிக்கு இந்த இரண்டிலும் இடமில்லை.

ஆனைமலைப் பக்கம் இந்தப் பசி கண்கூடு. தென்னந்தோப்புக்கும் கொப்பரைக் களத்துக்கும் போகிற தாய்மார் பொழுது விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். காலையில் வடித்ததுதான் ராத்திரி வரைக்கும். மதியம் சாப்பிட்ட பிள்ளை ஐந்தரை மணிக்குக் கணக்குப் போட வேண்டும்; அதற்குள் வயிறு கூப்பிட ஆரம்பித்துவிடும்.

வழி தெரியாத ஊரல்ல இது. பக்கத்துப் பழனியில் கோயில் நிர்வாகம் தன் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் காலைச் சிற்றுண்டி தருகிறது. பழனிக் கோயிலைப் போலவே ஆனைமலை மாசாணியம்மன் கோயிலும் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ்தான் இருக்கிறது. காமராஜர் காலத்து மதிய உணவே ஊரார் கொடுத்த அரிசியிலும் காசிலும் ஓரளவு நடந்ததுதானே!

மாலையில் ஒரு கை சுண்டல் கொடுக்கப் பெரிய சமையல்கூடம் வேண்டியதில்லை. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை, துருவிய தேங்காய் போதும். தேங்காய்க்கு இங்கே பஞ்சமா? தோப்புக்காரர்களும் முன்னாள் மாணவர்களும் முறை வைத்துக் கொடுக்கலாம். பிறந்தநாள் பிரியாணி வேண்டாம்; அது ஒருநாள் கூத்து. பெயர்ப் பலகையும் போட்டோவும் வேண்டவே வேண்டாம். வாங்குகிற பிள்ளைக்கும் ரோஷம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு வரவுசெலவை எழுதி வைக்கட்டும். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலேயே தொடங்கலாம்.