முதலில் காது, பிறகு எழுத்து



நம் ஆம்பூரில் வீட்டில் உருது பேசும் பிள்ளை ‘பெட்டி’யைப் ‘பேட்டி’ என்று வாசித்தால் அதட்டாதீர்கள். உருது எழுத்தில் குறில் எ, ஒ இரண்டுக்கும் தனிக் குறியே இல்லை. நம் ஓலைச்சுவடிகளிலும் எ, ஏ பெரும்பாலும் ஒரே வடிவம்தான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வேறுபடுத்தினார். அதுவரை காதுதான் பிரித்தது.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம். ஆகவே சொடக்குப் போட்டே சொல்லிக்கொடுங்கள்: ‘எ’டு, ஒன்று, ‘ஏ’டு, இரண்டு. தொடு, தோடு, கொட்டை, கோட்டை. காது பிடித்தபின் எழுத்தைக் காட்டுங்கள்.

பணியில் சேர்ந்த புதிதில் நானும் அட்டையைக் காட்டித் திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கிய பிள்ளை அதற்குப் பிறகு வாய் திறந்து வாசிப்பதில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.